நூல் கட்டிய பக்கம்

2014 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். வெளியே சாரல். மழை என்று சொல்ல முடியாது, ஆனால் ஜன்னல் கண்ணாடி முழுக்க ஈரம். ஆடி கடைசியில் ஜவ்வாது மலையில் அப்படித்தான் இருக்கும். அந்த நிமிடத்தில் எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் கரண்ட் போனது. ஜெனரேட்டருக்கு டீசல் இருபது லிட்டர் இருந்தது. பெல்ட் அறுந்து நான்கு நாளாகியிருந்தது. மேஜை மேல் பூங்காவனம் என்ற ஐம்பத்தெட்டு வயது அம்மா படுத்திருந்தார். இடது கண்ணுக்குக் கீழே, மூக்கை ஒட்டி இருந்த புற்றை எடுப்பதற்காக அவருக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

அடுத்து நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். மருத்துவமனை ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லி நர்சிங் சூப்பிரண்டு மூன்று முறை போன் செய்துவிட்டார். இப்போதெல்லாம் வெட்டி எடுக்கும் தோலைப் போட்டோ எடுத்து, அம்புக்குறி போட்டுப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறார்களாம். "அந்தக் காலத்துல நூல வெச்சு எது எந்தப் பக்கம்னு எப்டி சார் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைவிட எப்படித் தப்பாகக் கட்டினோம் என்பதுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நான் அங்கே தியேட்டர் டெக்னீஷியன். 1995 ஜூன் முதல் 2023 மே வரை, மொத்தம் 336 மாதம். அதற்கு முன் வேலூரில் பதினெட்டு மாதம் பயிற்சி. அந்தப் பதினெட்டு மாதத்தில் கற்றதை ஒரு சொல்லில் சொல்லலாம்: எண்ணுவது. வயிற்றைத் திறக்கும் முன் துணி எத்தனை, ஊசி எத்தனை. மூடும் முன் எத்தனை. ஒன்று குறைந்தாலும் மூடக் கூடாது. பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "இட்லிய எண்ணாம சாப்பிடக் கூடாதா?" என்று என் மனைவி முப்பத்திரண்டு வருடமாகக் கேட்கிறாள்.

முப்பது கட்டில் உள்ள மருத்துவமனை. ஒரு அறக்கட்டளை நடத்துவது. அறுவை சிகிச்சைக்கு ஒரே டாக்டர், கஸ்தூரி அம்மா. என்னைவிட ஒரு வயது மூத்தவர், என் தோள் உயரம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சாதாரண நாளில் என்னை "தங்கராசு" என்பார். மனம் நிறைந்திருந்தால் "ராசு." கோபம் வந்தால் "திரு. தங்கராசு." என் வேலைக்காலம் முழுக்க மூன்றாவதை நான்கு முறைதான் கேட்டேன். அதில் இரண்டு இந்தக் கதைக்குள் வருகின்றன.

அவருடைய முறைகள் மாறாதவை. கத்தி எடுக்கும் முன் நோயாளியின் பெயரை நோயாளியின் வாயாலேயே சொல்ல வைப்பார். எந்தப் பக்கம் என்று கையால் தொட்டுக் காட்டச் சொல்வார். பிறகு ஈர்க்குச்சி முனையை ஊதா மையில் தொட்டு, புற்றின் ஓரத்தைச் சுற்றிப் புள்ளி வைப்பார். அதற்கு வெளியே எஃகு அளவுகோலை வைத்து நான்கு மில்லிமீட்டர் தள்ளி இரண்டாவது வட்டம். அந்த இரண்டாவது வட்டத்தில்தான் வெட்டுவார். கண்ணுக்குத் தெரியும் புற்றுக்கும் தெரியாத புற்றுக்கும் நடுவே அந்த நான்கு மில்லிமீட்டர்தான் காவல். ஊசி போட்டால் பத்து நிமிடம் காத்திருப்பார். வேறு டாக்டர்கள் மூன்று நிமிடத்தில் கை நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இவர் அந்தப் பத்து நிமிடமும் நோயாளியிடம் சாமையைப் பற்றியும் புளியைப் பற்றியும் விசாரித்துக்கொண்டிருப்பார்.

தோலில் வரும் புற்று என்றாலே மலையில் பலரும் சாவு என்று நினைத்து வராமல் இருந்துவிடுவார்கள். கஸ்தூரி அம்மா அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். "ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு உக்காந்த இடத்துலயே உக்காந்து தின்னும். இன்னொண்ணு கொஞ்ச நாள் தின்னுட்டுக் கிளம்பி வேற இடத்துக்குப் போகும். ரெண்டையும் நேரத்துல வெட்டிட்டா முடிஞ்சது." முதலாவதற்கு பேசல் செல் என்று பெயர். முகத்தில், மூக்கோரத்தில், கண்ணோரத்தில் வரும். மரு மாதிரி, ஓரம் முத்து போலப் பளபளக்கும். ஆறாத புண்ணாக வருடக்கணக்கில் இருக்கும். இரண்டாவது ஸ்குவாமஸ். பழைய தீத்தழும்பில், ஆறாத கால் புண்ணில் கிளம்பும். நெறி கட்டிப் பரவவும் செய்யும்.

இரண்டாவது வகைக்கு ஆலங்காயத்து ஓட்டல் மாஸ்டர் ஒருவரைச் சொல்லலாம். இளவயதில் முழங்காலுக்குக் கீழே கொதிக்கிற எண்ணெய் கொட்டிய தழும்பு. முப்பது வருடம் கழித்து அதன் நடுவே ஒரு புண் வந்தது. இரண்டு வருடம் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு, பூக்கோசு மாதிரி ஆன பிறகு வந்தார். கஸ்தூரி அம்மா முதலில் அவர் தொடை இடுக்கைத் தடவி நெறி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, தொடையிலிருந்து தோலைச் சீவி அங்கே ஒட்டினார். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது ஒட்டிய தோல் இளஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது. "தொடைல இருந்தது முழங்காலுக்கு வந்து குந்திக்கிச்சே, இது இன்னா பொழப்பு!" என்று மாஸ்டர் சிரித்தார். அன்றைக்கு நான் "ராசு" ஆனேன். ஒட்டிய தோலில் போட்ட தையல் நாற்பத்திரண்டையும் எண்ணிப் பிரித்ததற்காக.

இப்போது நூலுக்கு வருகிறேன்.

வெட்டியெடுத்த தோல் துண்டு ஒரு காசு அளவுதான் இருக்கும். உடம்பிலிருந்து பிரிந்துவிட்டால் எது மேல், எது கீழ் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் நெற்றிப் பக்கம் இருந்த ஓரத்தில் ஒரு நீள நூலைக் கட்டுவோம். அந்த இடத்தைப் பன்னிரண்டு மணி என்போம். எதிரே மோவாய்ப் பக்கம் ஆறு மணி. துண்டு ஃபார்மலின் பாட்டிலில் வேலூருக்குப் போகும். ஒரு வாரம் கழித்து, எந்த மணிப் பக்கம் புற்று ஓரத்தைத் தொடுகிறது என்று அறிக்கை வரும். அதுவரை காயத்தைத் தைக்காமல், பாரஃபின் துணி வைத்துக் கட்டிவிடுவோம். அறிக்கையில் எந்தப் பக்கம் மிச்சம் என்று வருகிறதோ, அந்தப் பக்கம் மட்டும் மறுபடி கொஞ்சம் வெட்டி, சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் தைப்பது. மெதுவான வழி. ஆனால் முகத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

எங்கள் தியேட்டரில் நோயாளியின் தலை எப்போதும் வடக்குச் சுவர்ப் பக்கம். அந்தச் சுவரில் தலைக்கு நேர் மேலே ஒரு கடிகாரம். பத்தொன்பது வருடமாக நான் துண்டை வாங்கித் துணியில் வைக்கும்போது கடிகாரப் பக்கம் இருக்கும் ஓரத்தில் நூல் கட்டினேன். நெற்றி அங்கேதான் இருக்கும். யோசிக்கவே வேண்டியதில்லை. யோசிக்காமல் செய்ததுதான் வினை.

அன்று கரண்ட் போனதும் கஸ்தூரி அம்மா ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் தெற்கே. "மேஜையைத் திருப்புங்க. தலை ஜன்னல் பக்கம் வரட்டும்" என்றார். பூங்காவனம் அக்கா ஏற்கெனவே இரண்டு முறை நாள் தள்ளிப் போட்டவர். அனுப்பினால் மறுபடி வர மாட்டார். நானும் ஒரு நர்சும் மேஜையைச் சுற்றித் திருப்பினோம். படுத்திருந்தவர் அசையாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னாம்மா, என்னத் தேர்ல வெச்சு இழுக்கறீங்களா?" என்றார்.

"சாமிய இழுக்குறோம்" என்றார் டாக்டர்.

"சாமிக்கு ஊசி போட மாட்டாங்களே."

கீழே கன்னத்துப் பக்கம் நான்கு மில்லிமீட்டர். மேலே கண் பக்கம் இரண்டுதான் விட முடிந்தது. அதற்கு மேல் போனால் கீழ் இமை. நீளம் பதினேழு மில்லிமீட்டர் துண்டு. டாக்டர் இடுக்கியால் எடுத்து என் துணியில் வைத்தார். "பன்னிரண்டுல நூல்" என்றார். கட்டினேன். மூன்று முடிச்சு, மூன்று சென்டிமீட்டர் வால். முடிச்சு நினைவிருக்கிறது. நூலின் நீளம் நினைவிருக்கிறது. எந்தப் பக்கம் என்பது மட்டும் நினைவில்லை.

மறுநாள் பாட்டில் ஜீப்பில் அமிர்தி போய், அங்கிருந்து பஸ்ஸில் வேலூர் போனது. அடுத்த செவ்வாய், 19ஆம் தேதி, அறிக்கை வந்தது. கஸ்தூரி அம்மா தியேட்டரிலேயே நின்று படித்தார். துண்டை நூல் பக்கத்திலிருந்து ஆறு சீவலாக நறுக்கிப் பார்த்திருந்தார்கள். முதல் சீவலில், அதாவது பன்னிரண்டு மணி ஓரத்தில், புற்று வெளி விளிம்பைத் தொடுகிறது. மற்ற ஐந்தும் சுத்தம். முதல் சீவலில் கருந்துகள்களும் உண்டு என்று ஒரு வரி.

"நினைச்சேன்" என்றார் டாக்டர். "கண் பக்கம் ரெண்டு மில்லிமீட்டர்தானே விட்டேன். பத்தல."

அவருக்குச் சந்தேகமே வரவில்லை. வர வேண்டிய காரணமும் இல்லை. குறைவாக விட்ட பக்கத்தில் மிச்சம் இருப்பது நியாயம்தானே. அடுத்த செவ்வாய்க்கு வேலூரிலிருந்து ஒரு கண் டாக்டரை வரச் சொல்வதாகச் சொன்னார். கீழ் இமையின் உள் மூலையை எடுக்க வேண்டியிருக்கும். அங்கேதான் கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் சிறு குழாய் இருக்கிறது. அதுவும் போகும். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க அந்தக் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். இமையும் பழையபடி மூடாது.

நான் பதிவேட்டில் நேரம் எழுத நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். பத்து மணி ஐந்து. கடிகாரம். அதன் கீழே மேஜையின் தலைமாடு, பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. போன செவ்வாய் அந்தக் கடிகாரத்தின் கீழே இருந்தது பூங்காவனம் அக்காவின் கால்.

நான் கடிகாரப் பக்கம் கட்டியிருந்தால், நூல் இருந்தது கன்னத்துப் பக்கம். மிச்சப் புற்றும் கன்னத்தில்தான். அப்படியானால் நாம் இமையை வெட்டப் போவது வீண். புற்று கன்னத்திலேயே இருந்து தின்னும்.

ஆனால் நான் ஒருவேளை நெற்றியைப் பார்த்துச் சரியாகவே கட்டியிருந்தால்? அப்போது வாயைத் திறந்தால், டாக்டர் கன்னத்தை வெட்டி, புற்று கண்ணோரத்திலேயே தங்கிவிடும். பேசினாலும் கெடலாம், பேசாவிட்டாலும் கெடலாம். எண்ணிக் கணக்குப் பார்க்கிற என்னிடம் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதை மறைக்கப் போவதில்லை. பயம்தான். பத்தொன்பது வருடத்தில் ஒரு துணி, ஒரு ஊசி தவறவிட்டவன் இல்லை என்ற பெயர் எனக்கு இருந்தது. வீட்டில் வாழைப்பழத் தோலைக் காசளவு வெட்டி, மேஜை மேல் வைத்து நூல் கட்டிப் பார்த்தேன். ஏழு முறை. ஏழு முறையும் கை கடிகாரம் இருக்கும் பக்கமாகவே போனது. ஆனால் அது சாட்சி ஆகுமா? நினைத்துக்கொண்டே செய்யும் கை அது. என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "ஒடம்பு சரியில்லியா?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழன், 21ஆம் தேதி, காயத்துக்குக் கட்டு மாற்ற நானே போனேன். வழக்கமாக நர்ஸ் போவார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒன்பது கிலோமீட்டர், கடைசி ஒன்றரை கிலோமீட்டர் நடை. பூங்காவனம் அக்கா வீட்டு வாசலில் சாமை முறத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் வெள்ளையன் கட்டிலில் இருந்து எழுந்து எனக்கு இடம் விட்டார்.

கட்டைப் பிரித்தேன். காயம் சுத்தமாக, சிவப்பாக இருந்தது. அக்கா உள்ளே இருந்து ஒரு சின்னக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி முகத்தைப் பார்த்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் முறையாகப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

"தம்பி, எம் பொட்டு ஒண்ணு காணோமே" என்றார்.

"இன்னா பொட்டுக்கா?"

"கன்னத்துல மூணு பொட்டு வெச்சிருந்தேன் இல்ல? பச்ச குத்தினது. கண்ணாண்டயிருந்து கீழ, ஒண்ணு, ரெண்டு, மூணு. மேல்பொட்டு இன்னா ஆச்சு? அத எங்க கொண்டும் போய்ப் போட்டீங்க?"

"அந்தப் பொட்டுலதான் புத்து பூந்துக்கினு கெடந்துச்சு. அதான் எடுத்துட்டாங்க" என்றார் வெள்ளையன்.

"பொட்டுக்குப் பக்கத்துலதான்யா இருந்துச்சு. பொட்டுக்கு மேலாப்புல. ஒனக்கு நாப்பது வருசமா எம் மூஞ்சே தெரியல."

"பாத்தா தெரியும். நீ எங்க பாக்க வுட்ட?"

அவர்கள் சிரித்தார்கள். நான் கட்டை வைத்த கையோடு அப்படியே நின்றேன். வெட்டிய துண்டில் ஒரு பச்சைப் புள்ளி இருந்திருக்கிறது. அது புற்றுக்குக் கீழே, கன்னத்துப் பக்க ஓரத்தில். எங்கள் பதிவேட்டில் மச்சம் வரைவோம், தழும்பு வரைவோம். பச்சை குத்தியதை வரைகிற வழக்கம் இல்லை. மலையில் வயதான பெண்கள் முகத்தில் அது இல்லாதவர் யார்? பார்த்துப் பார்த்து எங்கள் கண்ணுக்கே மறைந்து போயிருந்தது.

முதல் சீவலில் கருந்துகள்கள் உண்டு என்ற வரி அப்போதுதான் எனக்குக் கேட்டது.

"பச்ச எதுல குத்துவாங்கக்கா? இன்னா மை?"

"வெளக்குக் கரி. அதோட ஏதோ எல சாறு. எங்கம்மா என்னப் புடிச்சிக்கினு ஒக்காந்தா, நான் கடிச்சே வெச்சிட்டேன் அவள."

கரி. அந்த ஒரு சொல் போதும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு டாக்டர் அறைக்குப் போனேன். மேஜை திரும்பியது, கடிகாரம், வாழைப்பழத் தோல் வரை எல்லாம் சொன்னேன். முடித்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"திரு. தங்கராசு. எப்ப தெரிஞ்சது?"

"செவ்வாய்க்கிழமைங்கம்மா. பத்து மணி அஞ்சுக்கு."

"இன்னைக்கு வெள்ளி."

"ஆமாங்கம்மா."

"ரெண்டு பக்கமும் வெட்டிடலாமா? உங்களுக்குச் சந்தேகமா இருக்குன்னு அவங்க கண்ணையும் எடுத்துட்டு, கன்னத்தையும் எடுத்துடலாமா?"

அப்போதுதான் பொட்டு விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் அறிக்கையை எடுத்து, கருந்துகள் என்ற வரியை விரலால் தடவினார். "நம்ம நிறத்துக்கு இந்தப் புற்றுலயே கறுப்பு வரும். அது மெலனின். அதனால இதை யாரும் கண்டுக்கல" என்றார். "மெலனினா கரியான்னு பாக்கச் சொல்லுங்க. நீங்களே போங்க."

சனிக்கிழமை முதல் ஜீப்பில் அமிர்தி இறங்கி, கணியம்பாடி வழியாக வேலூர். பரிசோதனைக்கூடத்தில் சாதிக் பாய் இருந்தார். இருபது வருடமாகத் தோலை மெழுகில் பதித்து, முடியை விட மெல்லியதாகச் சீவிச் சாயம் ஏற்றுகிறவர். எங்கள் பாட்டில்கள் எல்லாம் அவர் கைக்குத்தான் போகும்.

"அண்ணே, நீங்களேவா? பாட்டில் ஏதாச்சும் ஒடஞ்சிச்சா?"

"பாட்டில் இல்ல பாய். நான்தான்."

கதையைக் கேட்டார். கேலி செய்யவில்லை. பூங்காவனத்தின் மெழுகுக் கட்டியை எண் பார்த்து எடுத்தார். "மெலனின்னா வெளுக்க வெச்சிடலாம்ணே. பர்மாங்கனேட்ல போட்டு, அப்புறம் ஆசிட்ல கழுவினா கறுப்பு போய்டும். கரின்னா போவவே போவாது. உலகத்துல எந்தத் தண்ணியும் கரிய ஒண்ணும் பண்ணாது."

முதல் சீவலிலிருந்து ஒன்று, ஆறாவதிலிருந்து ஒன்று என்று இரண்டு கண்ணாடிச் சில்லுகளில் ஏற்றித் தயார் செய்தார். பதினொன்று பத்துக்குத் தொடங்கினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். தரையில் கல் நூற்று நாற்பத்து நான்கு. அதில் ஒன்பது விரிசல். மூன்று முறை எண்ணினேன். ஒருமுறை நூற்று நாற்பத்து மூன்று வந்தது. எழுந்து நின்று மறுபடி எண்ணினேன்.

இரண்டு நாற்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. அங்கே அறிக்கைகளில் கையெழுத்துப் போடும் பெரிய டாக்டர் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தார். என்னைப் பார்க்கச் சொன்னார். எனக்கு அதில் பார்த்துப் பழக்கம் இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இளஞ்சிவப்பு, நீலம்; நடுவே குவியல் குவியலாகக் கறுப்புப் பொடி, அடுப்பு வாயில் கிடப்பது மாதிரி.

"வெளுத்த பிறகும் இருக்கு. இது வெளிக் கரி. பச்சை குத்தினதுதான்" என்றார். "ஆறாவது சீவல்ல ஒண்ணும் இல்ல. நூல் இருந்த பக்கம்தான் பொட்டு."

பொட்டு இருந்த பக்கம் கன்னம். ஆகவே நூல் கன்னத்துப் பக்கம். நான் கடிகாரத்துக்குக் கட்டியிருக்கிறேன், நெற்றிக்கு அல்ல. கண் பக்கம் சுத்தம்.

"பொட்டோட கறுப்புலதான் புற்றோட ஓரம் ஒளிஞ்சிருக்கு. அதான் உங்க டாக்டருக்கு வெளில தெரியல" என்றும் சொன்னார். நான்கு மில்லிமீட்டர் காவல் ஏன் பத்தாமல் போனது என்பதற்கு அதுதான் விடை.

சாதிக் பாய் டீ வாங்கிக் கொடுத்தார். என்னால் பாதிதான் குடிக்க முடிந்தது. "சந்தோசமா இருங்கண்ணே" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தேன். பையில் திருத்திய அறிக்கை இருக்கிறதா என்று வேலூருக்கும் அமிர்திக்கும் நடுவே பதினோரு முறை தொட்டுப் பார்த்தேன்.

செவ்வாய், 26ஆம் தேதி. கண் டாக்டரை வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. கரண்ட் இருந்தது. கஸ்தூரி அம்மா கன்னத்துப் பக்கம் மட்டும் ஐந்து மில்லிமீட்டர் பிறைபோல் வெட்டினார். துண்டை என் துணியில் வைத்தார். நான் நூலை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"திரு. தங்கராசு, நெத்தி எங்க இருக்கு? வாயால சொல்லுங்க."

கையால் காட்டி, வாயால் சொன்னேன். பூங்காவனம் அக்கா படுத்தபடியே, "எந் நெத்தி எங்கயும் போவலம்மா, இங்கதான் கீது" என்றார். பிறகுதான் என் கையை விட்டார்.

அன்றிலிருந்து அங்கே ஒரு வழக்கம் வந்தது. நூல் கட்டும் முன் கட்டுகிறவர் நோயாளியின் நெற்றியைத் தொட்டுக் காட்ட வேண்டும். வெட்டியவர் சரி என்று சொல்ல வேண்டும். பதிவேட்டுப் படத்தில் மச்சத்தோடு பச்சையும் வரைய வேண்டும். போட்டோ வந்த பிறகும் நெற்றியைத் தொடுவதை விடவில்லை என்று சூப்பிரண்டு சொன்னார். அது நல்லது.

செப்டம்பர் 2ஆம் தேதி எல்லா ஓரமும் சுத்தம் என்று அறிக்கை வந்தது. கன்னத்துத் தோலைச் சற்றே தளர்த்தி மேலே நகர்த்தி மூடினார் டாக்டர். தையல் பத்தொன்பது. ஏழாம் நாள் பத்தொன்பதையும் பிரித்தேன்.

பூங்காவனம் அக்கா ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தார். ஐந்து வருடம், பத்து முறை. டாக்டர் ஒவ்வொரு முறையும் அவர் இடது கண்ணைக் கீழே இழுத்துப் பார்ப்பார், விரலால் தழும்பைத் தடவுவார், கழுத்தையும் பார்ப்பார். தழும்பு மூக்கோர மடிப்போடு சேர்ந்து போனதால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கண்ணில் ஒரு சொட்டு நீர் வழியவில்லை. முதல் முறை வந்தபோது கண்ணாடி முன் நின்று, "ரெண்டு பொட்ட நீங்க எடுத்துக்கினீங்க. ஒண்ண எனக்கு வுட்டு வெச்சீங்க. பரவால்ல, பாகம் நேர்மையாத்தான் பிரிச்சிருக்கீங்க" என்றார்.

"மூணும் போயிருந்தா அடையாளம் தெரியாம வேற வூட்டுக்குப் போய்ருப்பா" என்றார் வெள்ளையன்.

"நீ சோத்துக்கு இன்னா பண்ணியிருப்ப?"

என் தவறை அவர்களிடம் டாக்டர் அந்த வாரமே சொல்லியிருந்தார், என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வந்து சொன்னியே, அது போதும் தம்பி" என்றார். வெள்ளையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த இரண்டு முறை என்னிடம் பேசவும் இல்லை. அதுவும் நியாயம்தான். மூன்றாவது முறை ஒரு படி சாமை கொண்டுவந்து கொடுத்தார்.

நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. கஸ்தூரி அம்மா தானே எழுதினார். முதல் வரியில் தன் பெயர்: மேஜையைத் திருப்பச் சொன்னது நான், நூலைச் சரிபார்க்காதது நான். இரண்டாவது வரியில் என் பெயர்: கட்டியது இவர், தெரிந்த பிறகு மூன்று நாள் தாமதித்ததும் இவர். அந்த "மூன்று நாள்" என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். எடுக்க மாட்டேன் என்றார். நிர்வாகம் விசாரித்தது. டாக்டருக்கு எச்சரிக்கைக் கடிதம். எனக்கு ஒரு வருட ஊதிய உயர்வு நிரந்தரமாக நிறுத்தம்.

தவறுக்காக இல்லை, தாமதத்துக்காக என்று உத்தரவில் எழுதியிருந்தது. முதலில் எனக்கு அது ஆறவில்லை. பத்தொன்பது வருடம் எண்ணியது கணக்கில் வரவில்லை, மூன்று நாள் வந்ததே என்று வீட்டில் புலம்பினேன். செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் எச்சரிக்கையோடு போயிருக்கும். சொல்லாமலே இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு ஒரு ரூபாயும் போயிருக்காது. பூங்காவனம் அக்கா இன்றைக்கும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாமை புடைத்துக்கொண்டிருப்பார், கன்னத்தில் புற்றோடு. ஓய்வு பெற்ற அன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2015 ஜனவரி முதல் 2023 மே வரை நூற்றியொரு மாதம். நிறுத்திய உயர்வு மாதம் நானூற்றுப் பத்து ரூபாய். மூன்று முறை பெருக்கிப் பார்த்தேன், மாறவில்லை: நாற்பத்தோராயிரத்து நானூற்றுப் பத்து.